வீட்டினுள் கம்பம் நடுதல் தொடர்பாக

ஜெயசித்ராவின் வீட்டு மாடி அறையில் ஒரு கம்பம் நின்றது. தரையிலிருந்து கூரை வரை நேராக ஓடும் எவர்சில்வர் கம்பம். ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற பருமன். விடிகாலையில் அவள் அதில் ஏறுவாள், சுற்றுவாள், தலைகீழாகத் தொங்குவாள், பாட்டுப் போட்டு ஆடி இறங்குவாள். பிறகு குளித்துச் சேலை கட்டிக் கல்லூரிக்குப் போய் வணிகவியல் மாணவிகளுக்குப் பற்றும் வரவும் நடத்துவாள். இதனால் சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறியும் நின்றதில்லை, ஒரு பஸ்ஸும் தாமதமானதில்லை. ஆனால் தாய்மைத்திரு மகளிர் கல்லூரியின் அடித்தளம் ஆட்டம் கண்டுவிட்டது என்று கல்லூரிச் செயலர் சங்கரநயினார் கையெழுத்திட்ட குறிப்பாணை ஒரு திங்கட்கிழமை அவள் மேசைக்கு வந்தது. வீட்டினுள் கம்பம் நடுதல் தொடர்பாக விளக்கம் கோருதல் என்று அதற்குத் தலைப்புக் கொடுத்திருந்தார்கள்.

கம்பம் வந்த கதை சாதாரணமானது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஜெயசித்ராவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. பிள்ளையைத் தூக்க முடியாது. கரும்பலகையில் கீழ்வரி எழுதக் குனிந்தால் நிமிர இன்னொருவர் வேண்டும். மாமியார் பூமாரி கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிப் பார்த்தாள். திருநெல்வேலி டாக்டர், கத்தி வைப்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் முதுகுத் தசைக்கு வேலை கொடுங்கள் என்றார். ஜெயசித்ரா ரத வீதியில் நடந்து பார்த்தாள். தெரிந்தவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டு நிறுத்தினார்கள். கல்யாண மண்டபத்து யோகா வகுப்புக்குப் போனாள். கண்ணை மூடச் சொன்னதும் தூங்கிவிட்டாள். அப்படி இருக்கையில் ஒருநாள் போனில், தன் வயசும் தன்னைப்போல் தொப்பையும் உள்ள ஒருத்தி ஒரு கம்பத்தில் ஏறி, கையை விட்டுவிட்டுக் காலால் மட்டும் தொங்கிச் சிரிப்பதைப் பார்த்தாள். அந்தச் சிரிப்புதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

கணவன் அருண்பாண்டியன் விசைத்தறி மெக்கானிக். இரும்பு சம்பந்தப்பட்ட எதற்கும் அவன் மறுப்புச் சொல்வதில்லை. கூரையைத் தட்டிப் பார்த்து, உறுதியான இடம் தேடி, கம்பத்தை முறுக்கி நிறுத்தி, முதலில் தானே தொங்கிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து, இது என்னைத் தாங்குது, உன்னைத் தாங்காதா என்றான்.

முதலில் அவளால் தரையைவிட்டுக் காலைத் தூக்கவே முடியவில்லை. துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும் என்பதால் அரைக்கால் டவுசர் போட வேண்டும். ஏறும் நாளில் உடம்பில் எண்ணெய், கிரீம் எதுவும் கூடாது. மணிக்கட்டையும் தோளையும் நன்றாகச் சூடேற்றாமல் ஏறினால் ஒரு வாரம் கை தூக்க வராது. உள்ளங்கை வேர்த்தால் சாக்பீஸ் தூள். தொடையெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போனது. துணி மாற்றும்போது அதைப் பார்த்துவிட்ட பூமாரி நேரே கீழே போய் மகனைப் பிடித்து, பொண்டாட்டிய அடிக்கியாலே என்று கேட்டாள். அவன் கம்பத்தைக் காட்டினான். பூமாரி மாடிக்கு வந்து, மருமகள் ஏறுவதையும் சறுக்குவதையும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பழைய மெத்தை ஒன்றை இழுத்துவந்து கம்பத்தடியில் போட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மருமகளுக்கு ராத்திரியே பாசிப்பயறு ஊறப்போடுவதும், முட்டை அவித்து வைப்பதும் அவள் வேலையாயிற்று.

மாதங்கள் போகப் போக இடுப்பு வலி எங்கே போனது என்று தெரியவில்லை. சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். வலி போனதும் கம்பத்தை விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. கூரைக்குப் பக்கத்தில், தன் முழு எடையையும் தன் முழங்கால் மடிப்பில் மாட்டிக்கொண்டு, முடி தொங்க, பாட்டின் வேகத்துக்குச் சுழன்று இறங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் யாருக்கும் மருமகள் இல்லை, ஆசிரியை இல்லை. அது அவளுக்கு வேண்டியிருந்தது.

இனி கல்லூரி. ஊருக்கு வெளியே, பருத்திக்காட்டை அழித்துக் கட்டிய கட்டடம். வாசலில் 'இங்கே பெண்மை பாதுகாக்கப்படுகிறது' என்று பொன்னெழுத்தில் எழுதியிருக்கும். பாதுகாப்பதற்கென்றே பண்பாட்டுக் காப்புக் குழு என்று ஒன்று உண்டு. துப்பட்டாவில் எத்தனை ஊக்கு குத்த வேண்டும், வராந்தாவில் எவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாம் என்பதெல்லாம் இந்தக் குழு ஆராய்ந்து சொன்னவை. செயலர் சங்கரநயினார் தலைவர். முதல்வர் சிவசக்தி அம்மாள் துணைத்தலைவர். அலுவலகக் கண்காணிப்பாளர் கைலாஷ் செயலாளர். பெண்கள் பிரதிநிதியாகத் தமிழ்த்துறை ஷம்சாத் பேகம். பெண்கள் கல்லூரியில் பெண்களுக்குத் தனியாகப் பிரதிநிதி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

ஜெயசித்ரா சுயநிதிப் பிரிவு. அதாவது, நாளைக்கு வரவேண்டாம் என்று இன்றைக்குச் சொல்லலாம். ஆகவே அவள் பயந்து, பணிவாக விளக்கம் எழுதினாள். கம்பம் என் வீட்டில் இருக்கிறது, நான் ஆடுவது கல்லூரி திறப்பதற்கு முன்னால், இதனால் என் பாடம் ஒன்றும் பாக்கி இல்லை என்றாள். விளக்கம் திருப்திகரமாக இல்லை, நேரில் ஆஜராகவும் என்று பதில் வந்தது.

விசாரணை நவீன வகுப்பறையில் நடந்தது. அவள் போனபோது குழுவினர் ஏற்கெனவே விளக்கை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஜெயசித்ராவின் ஜன்னல். ஜன்னலுக்குள் அவள். தலைகீழாக.

அவள் கதவருகே நின்றாள். உட்காரச் சொல்வார்கள் என்று பார்த்தாள். செயலர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்கள் என்றார். கைலாஷ் போட்டார். வேகம் அதிகமாக இருப்பதால் ஒழுக்கக்கேடு தெளிவாகத் தெரியவில்லை, மெதுவாக ஓட்ட முடியுமா என்று செயலர் கேட்டார். அதுவும் முடிந்தது. முதல்வர் சிவசக்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆனால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பார்த்தார். ஷம்சாத் பேகம் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை யார் எடுத்தது என்று ஜெயசித்ரா கேட்டாள். கைலாஷ் எழுந்து நின்றார். அவர் வீடு அவள் வீட்டுக்கு எதிர்வரிசை. துணி காயப்போட மாடிக்குப் போனபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது என்றார். விடிவதற்கு முன்னால் துணி காயப்போடுவீர்களா என்று அவள் கேட்டதற்கு, வெயில் வருவதற்குள் இடம் பிடிக்க வேண்டும் என்றார். தற்செயலாகப் பட்டதை எதற்காகக் கிட்டத்தில் இழுத்து எடுத்தீர்கள் என்று கேட்டாள். செயலர் கையைத் தூக்கினார். எடுத்தவர் பற்றிய கேள்வி இந்தக் கூட்டத்தின் பொருளில் இல்லை என்று அதைப் பதிவு செய்யச் சொன்னார். பதிவு செய்தவரும் கைலாஷ்தான்.

பிறகு செயலர் பேசினார். அவருக்கு மேடை இல்லாவிட்டாலும் மேடைத் தமிழ் வரும்.

“பெண் என்பவள் கோபுரத்து விளக்கு. விளக்கு ஒளி தரலாம், சுழலக் கூடாது. இந்தக் காட்சியை நான் நேற்று இரவு முழுவதும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு ஆசிரியை ஒரு ஆண்மகனின் உறக்கத்தைக் கெடுக்கலாமா?”

யாரும் சிரிக்கவில்லை. முதல்வர் ஆமோதித்துத் தலையாட்டினார். பிறகு குரலைத் தணித்து, இடுப்பு வலிக்கு டாக்டர் சொன்ன வைத்தியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் விட்டுவிடலாம் என்று ஜெயசித்ராவிடம் சொன்னார். வலியென்றால் மன்னிப்பு உண்டு, அது மரபு.

ஜெயசித்ராவுக்கு அது சுலபமாக இருந்திருக்கும். பாதி உண்மையும்கூட. ஆனால் இருட்டறையில் தன் தொடையை மூன்று பேர் மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, வலிக்குது சார் என்று சொல்ல வாய் வரவில்லை.

“வலிக்குத்தான் மேடம் ஆரம்பிச்சேன். வலி போயிட்டு. இப்ப எனக்குப் பிடிச்சிருக்கு, ஆடுதேன்” என்றாள்.

பிடிச்சிருக்கு என்ற சொல்லைச் செயலர் தனியாக ஒரு தாளில் எழுதி அடியில் கோடு போட்டார்.

ஒரே ஒரு காட்சியை வைத்து முடிவுக்கு வருவது இயற்கை நீதிக்கு முரண் என்று குழு கருதியது. தொடர்ந்து கவனித்துத்தான் சொல்ல முடியும். ஆகவே கைலாஷை அவர் வீட்டு மாடிக்கே அயல்பணியில் அனுப்புவது என்று தீர்மானம் போட்டார்கள். தூரத்தில் உள்ளதை இழுத்துக் காட்டும் விலையுயர்ந்த கைபேசி ஒன்று கல்லூரிச் செலவில் வாங்கப்பட்டது. காலைப்பணி பார்ப்பதால் அவர் அலுவலகத்துக்குத் தாமதமாக வரலாம். பனியில் நிற்பதால் ஒரு குல்லாயும் அனுமதிக்கப்பட்டது.

ஜெயசித்ரா ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டாள். மறுநாளே இரண்டாவது குறிப்பாணை வந்தது. விசாரணை நிலுவையில் இருக்கும்போது ஜன்னலை மறைத்தது சாட்சியத்தைக் கலைக்கும் செயல். திரையை உடனடியாக அகற்றிவிட்டு அறிக்கை தரவும். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அருண்பாண்டியனிடம் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு, பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் புறப்பட்டான். வாசலில் மறித்து அவனை உள்ளே இழுத்து வருவதற்குள் அவளுக்கும் பூமாரிக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. நீ அடித்தால் அவன் ஆஸ்பத்திரியில் தியாகியாகப் படுத்துக்கொள்வான், என் வேலையும் போகும், நீயும் உள்ளே போவாய் என்று அவனிடம் சொன்னாள். திரையை அகற்றவில்லை.

சாட்சியம் மறைந்துவிட்டதால் குழு கள ஆய்வுக்கு வந்தது. கல்லூரி வேனில், டேப், தராசு, கோப்பு சகிதம் வந்து இறங்கினார்கள். தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்களை நிற்கவைக்க மனமில்லாமல் பூமாரி காப்பி போடப் போனாள். மற்றவர்கள் மாடி ஏறினார்கள். கம்பத்தில் பூமாரியின் ஈரச்சேலை காய்ந்துகொண்டிருந்தது. பகலில் அதற்கு அதுதான் வேலை. சேலையை அகற்றலாமா, அது கம்பத்தின் பகுதியா என்று குழு சிறிது நேரம் விவாதித்தது. பிறகு உயரம் அளந்தார்கள். தட்டிப் பார்த்தார்கள். செயலர் கம்பத்தைச் சுற்றி வந்து, இரண்டு விரலால் தொட்டு, வழவழப்பாக உள்ளது என்று எழுதச் சொன்னார். தாம் எதையும் பார்க்க விரும்பவில்லை என்றும், ஆயினும் கடமை என்று ஒன்று இருப்பதால் ஜெயசித்ரா அந்த உடையில் ஒருமுறை ஆடிக்காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

முடியாது என்றாள் ஜெயசித்ரா.

அப்படியானால் பார்த்தவர் விளக்கட்டும் என்றார் செயலர். கைலாஷுக்கு முகம் மலர்ந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தருகே வந்து, வகுப்பெடுப்பதுபோல் விளக்கினார்.

“முதல்ல இடது கால இங்கன கொடுப்பாங்க சார். அப்புறம் தலைய இப்படிச் சாய்ப்பாங்க. செவ்வாக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வேற பாட்டு. தெக்கோரத்து ஜன்னல் வழியாப் பார்த்தா முதுகுதான் தெரியும். வடக்கோரத்து ஜன்னல்தான் சரியான கோணம். அதுக்கு நம்ம தண்ணித்தொட்டி மேல ஏறணும்.”

சொன்ன வேகத்தில் கால்சட்டையோடு கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஏறப் பார்த்தார். துணி வழுக்கியது. சரசரவென்று கீழே வந்து மெத்தையில் உட்கார்ந்தார். அதே நேரம் காப்பித் தட்டோடு படியேறி வந்த பூமாரி அவரைப் பார்த்தாள்.

“ஏன்யா, தண்ணித்தொட்டி மேல ஏறத் தெரிஞ்ச ஆளுக்கு இதுல ஏறத் தெரியலையா?” என்று கேட்டாள்.

ஷம்சாத் பேகத்துக்குப் புரையேறியது. இருமல் என்று சொல்லி வெளியே போய்விட்டார். கம்பம் ஆண்களின் பாதுகாப்புக்கும் உகந்ததல்ல என்று அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

தண்ணீர்த்தொட்டி என்ற சொல்லுக்குப் பிறகு ஜெயசித்ராவுக்குப் பயம் விட்டுப்போயிற்று. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. மறுநாள் அவள் கல்லூரியின் உள்புகார்க் குழுவுக்குப் புகார் கொடுத்தாள். என் வீட்டுக்குள் எனக்குத் தெரியாமல் என்னைப் படம் பிடிக்கிறார்கள், நடவடிக்கை எடுங்கள் என்றாள். கூப்பிட்டார்கள். அதே அறை. அதே நாற்காலிகள். பண்பாட்டுக் காப்புக் குழு என்ற பலகையை எடுத்துவிட்டு உள்புகார்க் குழு என்ற பலகையை வைத்திருந்தார்கள். செயலர் தலைவர், முதல்வர் துணைத்தலைவர். கைலாஷ் மேல் வந்த புகாரைக் கைலாஷே எழுதிக்கொண்டார். எழுத்துப்பிழை ஒன்றையும் திருத்திக் கொடுத்தார். படம் பிடித்தது பணி நிமித்தம், பணியில் பால் பேதம் இல்லை, ஆகவே இது பாலியல் புகார் ஆகாது என்று கூட்டம் முடிவதற்கு முன்பே முடிவு தட்டச்சாகி வந்தது. நான் உடன்படவில்லை என்று ஷம்சாத் பேகம் சன்னமாகச் சொன்னார். ஒருமனதாக என்ற சொல் ஏற்கெனவே தட்டச்சாகிவிட்டதால் திருத்த இயலாது என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரிலிருந்து தர மதிப்பீட்டுக் குழு வரப்போகும் செய்தி வந்தது. மற்ற கல்லூரிகளில் இல்லாத சிறப்பு ஏதாவது காட்டினால் மதிப்பெண் கூடும் என்று யாரோ செயலருக்குச் சொன்னார்கள். அதே யாரோ, மல்லர் கம்பம் என்று நம் முன்னோர் ஆடிய கலை ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட்டார்கள். ஒரே இரவில் கம்பம் பண்பாடாகிவிட்டது.

செயலர் ஜெயசித்ராவைத் தன் அறைக்கு அழைத்து முதல்முறையாக உட்காரச் சொன்னார். கலையரங்க மேடையில் தேக்குக் கம்பம் நடப்போவதாகவும், அதற்கு மஞ்சள் பூசிப் பூச்சுற்றுவதாகவும், பட்டுச்சேலை கட்டி, ஊக்கு குத்தி, கொண்டை போட்டு அவள் அதில் ஏறி இறங்க வேண்டும் என்றும் சொன்னார். நிகழ்ச்சிக்குப் பெயர் கம்பத்தில் கம்பீரம். ஒருங்கிணைப்பாளர் கைலாஷ், அசைவுகள் எல்லாம் அவருக்கு அத்துபடி. அவள் ஆடினால் குறிப்பாணைகள் ரத்து.

சேலையோடு ஏறினால் வழுக்கித் தலைகீழாக விழுவேன் என்றாள் ஜெயசித்ரா. விழுந்தாலும் சேலை விலகாதபடி தைத்துவிடலாம் என்றார் முதல்வர்.

“வீட்டுல ஆடுனா குத்தம், மேடையில ஆடுனா பாரம்பரியமா சார்?”

செயலர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார்.

“வீட்டில் நீ ஆடுவது உன் விருப்பத்துக்கு. மேடையில் நீ ஆடுவது எங்கள் விருப்பத்துக்கு. உடம்பு ஒன்றுதான் அம்மா, கம்பமும் ஒன்றுதான். விருப்பம்தான் இங்கே பிரச்சினை.”

இத்தனை மாதத்தில் அந்தக் கல்லூரியில் யாராவது அவளிடம் பேசிய ஒரே உண்மை அதுதான். ஜெயசித்ரா எழுந்தாள். ஆடமாட்டேன் என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று செயலர் சொன்னதும் சத்தமாக இல்லை. மேடையில் நட்ட தேக்குக் கம்பத்தில் கடைசியில் தேசியக்கொடி ஏற்றி, மதிப்பிட வந்தவர்களைச் சமாளித்ததாகக் கேள்வி. பெண்களைப் பணிநேரத்துக்கு அப்பாலும் பேணும் கல்லூரி என்று மதிப்பீட்டுக் குழு பாராட்டி எழுதி, உயர்ந்த மதிப்பெண் கொடுத்துவிட்டுக் குற்றாலம் பார்க்கப் போயிற்று.

வேலை போன மறுநாள் வழக்கம்போல் ஜெயசித்ரா மாடிக்குப் போனாள். தோளைச் சூடேற்றினாள். கம்பத்தைப் பிடித்தாள். பிடி நிற்கவில்லை. கோபத்தில் உள்ளங்கை ஊற்றாக வேர்த்தது. எத்தனை தூள் போட்டாலும் வழுக்கியது. தலைகீழாகப் போகும்போதெல்லாம் தண்ணீர்த்தொட்டியின் நினைப்பு வந்து உடம்பு கூசியது. திரை போட்டிருந்தும் கூசியது. இறங்கி மெத்தையில் படுத்துவிட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். தன் வேலையைப் பிடுங்கியதைவிட இதைப் பிடுங்கியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பூமாரி பயறு ஊறப்போடுவதை நிறுத்தவில்லை.

அந்த வாரக் கடைசியில் கைலாஷின் மனைவி மாலதி வந்தாள். எதிர்வரிசையில் இத்தனை வருஷம் இருந்தும் கோலம் போடும்போது சிரித்துக்கொள்வதோடு சரி. பகல் வேளையில், கதவைத் தட்டிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள். முந்தானையில் ஒரு கைபேசியைச் சுற்றி வைத்திருந்தாள். கல்லூரி வாங்கிக் கொடுத்தது. அவர் குளிக்கப் போன நேரம் பிள்ளை விளையாட எடுத்துத் திறந்ததாகச் சொன்னாள்.

“இதுல உங்க வீடு மட்டும் இல்ல டீச்சர். ஷம்சாத் மேடம் கொல்லையில துணி துவைக்காங்க. பிரின்ஸ்பால் மேடம் மொட்டைமாடியில தலை துவட்டுதாங்க. இன்னும் யார் யாரோ, எனக்குத் தெரியாதவங்க.” கைபேசியை நீட்டினாள். “ஆபீஸ் வேலைன்னு சொன்னாரு. பனியில நிக்காரேன்னு தினமும் நான் மாடிக்குக் காப்பி கொண்டு போய்க் குடுத்திருக்கேன்.”

அழுவாள் என்று ஜெயசித்ரா நினைத்தாள். மாலதி அழவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு பெண்ணின் கோபத்தைத் தன் கோபத்தின் அதே அளவில் ஜெயசித்ரா அன்றுதான் பார்த்தாள். ஜெயசித்ரா செருப்பை மாட்டினாள். போகும் வழியில் ஷம்சாத் பேகத்தின் வீட்டில் நின்று விஷயத்தைச் சொன்னார்கள். அவர் புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். மூன்று பேருமாக மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள்.

அங்கே இருந்த பெண் ஆய்வாளர் முதல் இரண்டு படங்களைப் பார்த்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். மற்றதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. புகாரை எழுதி வாங்கினார். சாயங்காலம் கைலாஷை அழைத்துப் போனார்கள். மறுநாள் செயலரையும் வரச்சொன்னார்கள். தான் யாரையும் அனுப்பவில்லை என்று செயலர் சொன்னார். அயல்பணி ஆணையில் உள்ளது யார் கையெழுத்து என்று கேட்டபோது, தினமும் எத்தனையோ தாளில் போடுகிறேன், படித்தா போட முடியும் என்றார்.

இதன் பிறகு கல்லூரி வெட்கப்படும் என்று நினைப்பவர்கள் கல்லூரியில் வேலை பார்க்காதவர்கள். ஜாமீன் வாங்கி வந்த கையோடு செயலர் நிருபர்களை அழைத்தார். ஒரு கயவனின் முகத்திரையைக் கிழித்தது எங்கள் கல்லூரி வாங்கிய கைபேசிதான், தரமான கைபேசி வாங்கியதால்தான் குற்றம் இவ்வளவு தெளிவாகப் பதிவாகியுள்ளது என்றார். பண்பாட்டுக் காப்புக் குழுவின் பெயர் மகளிர் துணிச்சல் குழு என்று மாற்றப்பட்டது, ஆட்கள் அவர்கள்தான். கைலாஷின் இடத்தில் மட்டும் அவருடைய மைத்துனரைப் போட்டார்கள். அந்தக் குழு கூடி, மகளிர் தினத்தன்று ஜெயசித்ராவுக்கு வீரமங்கை விருதும் பொன்னாடையும் கொடுத்து, வேலையையும் திரும்பத் தருவதென்று முடிவு செய்தது. ஒரே நிபந்தனை, ஏற்புரையில் அவள் நிர்வாகத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். தன் படத்தை ஊர் போலீஸ் பார்த்துவிட்டதே என்று நாலு நாள் வீட்டைவிட்டு வராமல் கிடந்த முதல்வர் சிவசக்திதான் அழைப்பிதழில் வரவேற்புரை.

வழக்கு நடக்கிறது. எப்போது முடியும் என்று வக்கீலுக்கும் தெரியாது. வேலையை நிபந்தனையோடு வாங்க மாட்டேன், கோர்ட்டு வழியாக வாங்கிக்கொள்கிறேன் என்று ஜெயசித்ரா அருண்பாண்டியனிடம் சொல்லிவிட்டாள். அவன் தறிக்கூடத்தில் கூடுதலாக ஒரு ஷிப்டு பார்க்கிறான்.

மகளிர் தினத்தன்று காலையில் அவள் கம்பத்தைப் பிடித்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது, கை வேர்க்கவில்லை. முழங்காலை மடித்து மாட்டினாள், இடுப்பைத் தூக்கினாள், கூரைப் பக்கம் போய்க் கையை விட்டாள். கீழே மெத்தையில் மாலதி, சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பத்து விரலிலும் சாக்பீஸ் தூளோடு தன் முறைக்குக் காத்திருந்தாள். இன்னும் அவளுக்குக் காலைத் தூக்க வரவில்லை. ஷம்சாத் பேகம் ஓரமாக உட்கார்ந்து மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு முட்டிவலி, ஏறுவதற்கு முன்னால் இன்னும் கொஞ்ச நாள் யோசிக்க வேண்டும் என்றார்.

கீழே ஜெயசித்ராவின் போன் அடித்தது. பூமாரி எடுத்தாள். முதல்வர் சிவசக்தி பேசினார். மேடைக்கு எல்லோரும் வந்தாயிற்று, பொன்னாடை தயாராக இருக்கிறது, கார் அனுப்பட்டுமா, ஜெயசித்ரா எங்கே என்று கேட்டார்.

பூமாரி மாடிப்படிப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தாள்.

“அவ மேல தொங்கிக்கிட்டு இருக்கா தாயி. எறங்குனா சொல்லுதேன். எறங்குத மாதிரி தெரியல” என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, முட்டையை அடுப்பில் ஏற்றினாள்.